அடையாளம் இல்லாத மிதப்பு

அத்தியாயம் ஏழு

“பெட்டிக்கு உயிர் இருக்கோ தம்பி? உயிர் இருக்கிறதுதான் ட்ரவுண் ஆகும். மனிசன் ஆகும், மாடு ஆகும். பெட்டி சிங்க் ஆகும்.”

பாக்கியரத்தினம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். திருத்தம் வாங்கியவன் கஜீபன். அவன் ஓட்டோக்காரன். சித்தி பரீதாவை வழக்குக்கு வழக்கு ஏற்றி இறக்கி, தானும் பாதித் துப்பறிவாளன் ஆகிவிட்டதாக ஒரு நினைப்பு அவனுக்கு. பாக்கியரத்தினத்தின் கந்தோர் அறைக்குள் நுழைந்த வேகத்தில் “ராடர்ப் பெட்டி ட்ரவுண் ஆகிட்டுதாமே சேர்” என்று ஆங்கிலத்தை எடுத்துவிட்டது அவனுடைய பிழைதான்.

திருமலையில் பாக்கியரத்தினத்துக்கு முன்னால் ஆங்கிலம் பேசுவதென்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முந்தித் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். இப்போது கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் முகவர். கலியாணக் காட், விசாக் கடிதம், கடைப் பெயர்ப்பலகை எதுவென்றாலும் சனம் அவரிடம் கொண்டு வரும். கொண்டு வராவிட்டாலும் அவர் திருத்துவார். ஒரு செத்த வீட்டு அறிவித்தலில் இருந்த பிழையைப் பிரேதம் எடுக்கும் முன்பே சிவப்புப் பேனையால் வெட்டியவர் என்றும், செத்தவரின் மகன் அதற்கு நன்றி சொன்னார் என்றும் ஊரில் ஒரு கதை உண்டு.

சித்தி பரீதா கதிரையின் நுனியில் இருந்தாள். அவள் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். ஒருவர் சொன்னதை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகும்போது பொய் எங்கே இடறுகிறது என்று அவளுக்குத் தட்டுப்படும். அப்படித்தான் அவள் துப்பறியத் தொடங்கினாள். இன்றைக்கு அவள் கையில் இருந்தது, கப்பல்காரருக்காக ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டிய, கிண்ணியா லோஞ்சுக்காரன் பஹ்மியின் வாக்குமூலம்.

விசயம் இதுதான். வியாழக்கிழமை, சல்லிக் கிராமத்துக்கு நேரே வெளிக்கடலில் நங்கூரம் போட்டிருந்த கப்பலுக்கு ஒரு ராடர் கருவி போனது. நீர் புகாத வெள்ளைப் பெட்டி. அதைக் கொண்டுபோன லோஞ்ச் படகில் இருந்தது இரண்டே பேர், ஓட்டிய பஹ்மியும் சொந்தக்காரர் பாக்கியரத்தினமும். கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டி இல்லை. பஹ்மிதான் வேண்டுமென்று கடலில் எறிந்தான் என்று பாக்கியரத்தினம் முறைப்பாடு கொடுத்தார். நேற்றுப் பின்னேரம் அவனைப் பிடித்தார்கள். இன்று சனிக்கிழமை, நீதிமன்றம் பூட்டு. அசர் தொழுகை நேரத்துக்குள் அவனை நீதவானின் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். போனால் விளக்கமறியல் சிறை, அதோடு துறைமுகப் பாஸும் போய்விடும். பாஸ் இல்லாத லோஞ்சுக்காரனுக்கு இந்த ஊரில் வேறு வேலை கிடையாது.

“கப்பல்காரருக்கு ஒரு கேள்விதான் பிள்ளை,” என்றார் பாக்கியரத்தினம். “கடல் கொண்டு போச்சுதோ, கையால எறிஞ்சதோ? கடல் தானாக் கொண்டு போனால் அது பிளொட்சம். ஆள் எறிஞ்சால் ஜெட்சம். படிச்சவையே மாறி எழுதுவினம். நான் ஜெட்சம் எண்டு தெளிவா எழுதிக் குடுத்திருக்கிறன்.”

“நீங்க கண்ணால கண்டீங்களா சேர்?” என்றாள் பரீதா.

“கையால தள்ளினான். கண்டனான். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போட்டுது. இனி அது வராது.”

“திரும்பி வராத சாமானை எறிஞ்சு அவருக்கு என்ன லாபம்?”

“கோபம். முதல் நாள் நான் ஏசினனான்.”

“எப்பிடியெண்டாலும் உங்களை ரொப் பண்ணிட்டான் சேர்,” என்றான் கஜீபன். அவனுக்கு வாய் சும்மா கிடக்காது.

“வெருட்டிப் பறிச்சால்தான் தம்பி ரொபரி. தெரியாமல் எடுத்தால் தெஃப்ட். இது ரெண்டும் இல்லை, வேணுமெண்டு செய்த நாசம்.” பாக்கியரத்தினத்தின் முகம் மலர்ந்துவிட்டது. பஹ்மியையும் பெட்டியையும் அந்த நேரத்துக்கு அவர் மறந்தே போனார். பரீதா அதைக் கவனித்தாள்.

வெளியே வந்ததும் கஜீபன் ஓட்டோவை உதைத்துக் கிளப்பினான். “நான் வாயைத் திறந்தால் மனுசன் பிரம்போட வாறார் மிஸ்.”

“நல்லதுதான். இன்னும் கொஞ்சம் திறந்திரிக்கலாம்.”

அவளுக்குக் காலையில் பஹ்மி சொன்ன ஒரு விசயம் உறுத்திக்கொண்டே இருந்தது. சல்லிக் கோயில் கோபுரம் நேரே தெரிந்த இடத்தில் லோஞ்ச் எஞ்சின் நின்றுவிட்டது. எஞ்சின் குழிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் எண்ணெய் வரும் குழாயின் டப் மூடிப் பூட்டியிருந்தது. திறந்துவிட்டு நிமிர்ந்தபோது பெட்டியைக் காணவில்லை. அலைதான் அடித்திருக்க வேண்டும் என்று அவன் நம்பினான். சேர் மேல் சந்தேகப்பட அவனுக்கு மனமே வரவில்லை.

“கஜீபன், எண்ணெய் டப் தானாப் பூட்டுமா?”

“என்ர வீட்டு டப் தானாத் திறக்கும் மிஸ். பூட்டினதைக் காணேல்ல.” கொஞ்ச தூரம் போனதும் அவனே சொன்னான்: “காலமை மீன் வாங்கேக்க ஒரு கதை கேட்டனான். சல்லியில குலசிங்கம் அண்ணைக்கு வலை கிழிஞ்சு போச்சாம். ஆரோ ஊர் பேர் தெரியாதவன்ர கயிறு மாட்டினதாம்.”

“எப்ப?”

“நேற்று.”

“வண்டியைத் திருப்புங்க,” என்றாள் பரீதா.

சல்லியில் வெயில் ஏறியிருந்தது. கருவாடு காயும் பாய்களுக்குப் பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, குலசிங்கம் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் வலை கிழிந்தது அவருக்கு ஒரு கோபம். யாரோடு சண்டை பிடிப்பது என்று தெரியாதது இன்னொரு கோபம்.

“மாட்டின கயிற்றின்ர மிதப்பில சீலை இருந்தால் ஆளைப் பிடிப்பன். சீலை இல்லையே,” என்றார்.

“என்ன சீலை அண்ணை?”

“இங்க வள்ளத்துக்கு வள்ளம் ஒரு நிறம். வலைக்கு, கூட்டுக்கு விடுற மிதப்பில சீலைத் துண்டு கட்டாமல் ஒருத்தனும் கடலில இறக்க மாட்டான். எனக்கு மஞ்சள். மற்றவன்ர மிதப்பில கை வைக்கிறேல்ல. அது தங்கம் கட்டின மிதப்பெண்டாலும் அப்பிடியே கிடக்கும்.”

“கிண்ணியாவில?”

“அவங்கள் பெயின்ற் பூசுவாங்கள். வீட்டுக்கு ஒரு நிறம், ஒரு கோடு. அடையாளம் இல்லாத மிதப்பை நான் என்ர வயசுக்கு இப்பதான் காணுறன்.”

“நீங்க அதை இழுத்துப் பாக்கேல்லையா?”

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். “அடையாளம் இல்லாட்டிலும் அது ஆரோ ஒருத்தன்ர தானே.”

வள்ளத்தில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். கஜீபன் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, ஓட்டோவுக்கு மூன்று சில்லாவது இருக்கிறது என்று முணுமுணுத்தான். கோபுரத்துக்கு நேரே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கான் ஆடிக்கொண்டு கிடந்தது. அதில் சீலையும் இல்லை, பெயின்றும் இல்லை. கயிறு செங்குத்தாகக் கீழே போனது. பரீதா கேட்டுக்கொண்டதால் குலசிங்கம் அரை மனதோடு மூச்சை அடக்கி இறங்கினார். மேலே வந்து முகத்தைத் துடைத்தார்.

“பெட்டி. வெள்ளைப் பெட்டி. கையால கட்டின கயிறு.”

“மிஸ், கேஸ் முடிஞ்சுது,” என்றான் கஜீபன். கடல் பயம் எல்லாம் அவனை விட்டுப் போயிருந்தது. “பொலிசுக்கு ஒரு கோல். பஹ்மி மத்தியானச் சோத்துக்கு வீட்ட நிப்பான்.”

“நிக்க மாட்டார். நீங்க பொலிஸ் எண்டு வைங்க. கடல், கயிறு, மிதப்பு. லோஞ்சில இருந்த ரெண்டு பேரில இது ஆருக்குப் பழக்கம் எண்டு நினைப்பீங்க? பஹ்மிட வாப்பா மீன்பிடிகாரன்.”

கஜீபனின் முகம் சுருங்கியது. “ஆனால் சீலை...”

“மீன்பிடிகாரன்ட மகன் அடையாளம் இல்லாம மிதப்பு விட மாட்டான். அது எனக்கும் உங்களுக்கும் குலசிங்கம் அண்ணைக்கும் போதும். நீதவானுக்குப் போதாது.” பரீதாவுக்குப் பயமாக இருந்தது. கண்டுபிடித்த பெட்டியே பஹ்மியை உள்ளே தள்ளிவிடக் கூடும். வள்ளம் கரைக்குத் திரும்பியது. மணலில் கால் வைத்ததும் சொன்னாள்: “இதைச் செய்தவர் வாயால சொல்லோணும். அதுக்கு என்ட ஆங்கிலத்தில கொஞ்சம் பிழை விடோணும்.”

“என்னட்ட நிறைய இருக்கு மிஸ். இரவல் தாறன்.”

குலசிங்கத்திடம் மிதப்பைத் தொடவும் வேண்டாம், யாருக்கும் மூச்சு விடவும் வேண்டாம், கண் மட்டும் வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு அவர்கள் புறப்பட்டார்கள்.

பொலிஸ் நிலைய வாசலில் பஹ்மியை நீதவானிடம் கொண்டுபோக ஜீப் தயாராக நின்றது. வாங்கில் பஹ்மியின் மனைவி அம்ரா இருந்தாள். நேற்றிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

“ராத்தா, எங்கட கலியாணக் காட்டை அந்த சேர்தான் பார்த்துத் தந்தவர். ஒரு பிழை விட மாட்டார். இவர் எறிஞ்சதெண்டு அவர் எழுதினா ஆரு நம்பாம இரிப்பாங்க? எனக்கே ராவு ஒருக்கா...” அவள் முடிக்கவில்லை. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். “பிணையில விட்டாலும் பாஸைப் பறிச்சிடுவாங்களாமே?”

“ஓம். பிணை போதாது,” என்றாள் பரீதா.

உள்ளே சப் இன்ஸ்பெக்டர் யோகலிங்கம் மேசைக்குப் பின்னால் இருந்தார். பஹ்மி சுவரோரம் நின்றான். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க வரச் சொல்லிப் பரீதா முன்பே செய்தி அனுப்பியிருந்ததால் பாக்கியரத்தினமும் வந்திருந்தார். சட்டைப் பையில் சிவப்புப் பேனை இருந்தது.

“கெதியா முடியுங்கோ மிஸ். நேரம் போகுது,” என்றார் யோகலிங்கம்.

“அவசரத்தில எழுதினன் சேர். பிழை இரிக்கும். நான் வாசிக்கிறன், பாக்கியரத்தினம் சேர் கேட்டுத் திருத்தட்டும்.”

அவள் பஹ்மியின் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் மெதுவாக வாசிக்கத் தொடங்கினாள். எஞ்சின் ‘ப்ரோக்கன்’ என்று வந்ததுமே பாக்கியரத்தினம் கையை உயர்த்தினார். “உடைஞ்சதோ? இல்லையே. நிண்டது. ஸ்டோல்ட்.” பரீதா வெட்டி எழுதினாள். இன்னும் இரண்டு வரி போயிருக்காது, பஹ்மி நிமிர்ந்து ‘லுக்’ பண்ணியபோது பெட்டி இல்லை என்றாள். “தேடிப் பார்த்தால் லுக். கண்ணில பட்டால் ஸீ. அவன் நிமிர்ந்தான், காணேல்ல. ஸீ எண்டு போடுங்கோ.” பெட்டியை ‘டைட்’ கொண்டு போனது என்றாள். “டைட் எண்டால் ஏற்ற இறக்கம். நீரோட்டம் கரண்ட். பரீதாப் பிள்ளை, உமக்கு இண்டைக்கு என்ன நடந்தது?”

அவர் இப்போது கதிரையில் முன்னுக்கு வந்துவிட்டார். பேனை கையில் இருந்தது. கதவோரம் நின்ற கஜீபன் திருத்தங்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். ஜீப் சாரதி வெளியே ஹோர்ன் அடித்தார்.

“கடைசி வரி சேர்,” என்றாள் பரீதா. தாளைப் பார்த்து வாசித்தாள். சல்லிக்கு நேரே லோஞ்சின் பக்கவாட்டால் கையால் கடலில் விடப்பட்ட அந்தப் பெட்டி ஜெட்சம் ஆகும்.

“ஜெட்சம் இல்லைப் பிள்ளை,” என்றார் பாக்கியரத்தினம் ஒரு நொடியும் யோசிக்காமல். “எறிஞ்சுபோட்டுக் கைவிட்டால்தான் ஜெட்சம். பிறகு எடுக்கிறதுக்கு மிதப்புக் கட்டி இறக்கினால் அதுக்கு வேற சொல். லகன். எல், ஏ, ஜீ...”

அங்கே நிறுத்தினார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

“மிதப்போ?” என்றார் யோகலிங்கம். “என்ன மிதப்பு?”

“பொதுவாச் சொன்னனான். வித்தியாசம் விளங்கட்டுமெண்டு.”

“சேர், இந்தக் கடைசி வரி என்ட மொழிபெயர்ப்பு இல்ல,” என்றாள் பரீதா. “உங்கட முறைப்பாட்டில நீங்க எழுதினது. ஒரு சொல் மாத்தாம வாசிச்சன். ஜெட்சம் எண்டு எழுதினதும் நீங்கதான், இப்ப அது பிழை எண்டதும் நீங்கதான். பெட்டி நீரோட்டத்தோட போச்சுது, வராது எண்டு காலையில சொன்னீங்க. மிதப்பைப் பத்தி இந்த அறையில ஒருத்தரும் கதைக்கேல்ல.”

அவள் யோகலிங்கத்தின் பக்கம் திரும்பி, சல்லிக் கடலில் கிடக்கும் கறுப்புக் கானையும் அதற்குக் கீழே இருக்கும் பெட்டியையும் சீலை இல்லாத கதையையும் சொன்னாள். யோகலிங்கம் பேனையை வைத்துவிட்டு பஹ்மியைப் பார்த்தார்.

“உன்ர வாப்பான்ர மிதப்புக்கு என்ன அடையாளம்?”

“பச்சை, சேர். நடுவால வெள்ளைக் கோடு.” கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது.

பாக்கியரத்தினம் கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்தார். குரல் மட்டும் இடறவில்லை. “இப்பதானே விளங்குது. நான் நினைச்சன் கோபத்தில எறிஞ்சவன் எண்டு. மிதப்புக் கட்டியெல்லோ இறக்கியிருக்கிறான். மீன்பிடிகாரன்ர வேலை. அடையாளம் வைச்சால் பிடிபடுவன் எண்டு வைக்கேல்ல.”

பரீதா கடலில் வைத்துப் பயந்தது அப்படியே நடந்தது. யோகலிங்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பதவி உயர்வுக்கு அவர் எழுதிய கடிதத்தையும் இதே பாக்கியரத்தினம்தான் திருத்திக் கொடுத்தவர்.

“மிஸ், ஒரு சொல்லை வைச்சு நான் ஒரு ஆளைப் பிடிக்கவும் ஏலாது, ஒரு ஆளை விடவும் ஏலாது. பெட்டியை எடுப்பம், விசாரிப்பம். நீதவானிட்டக் கொண்டு போகேல்ல. இப்போதைக்கு பஹ்மியைப் பொலிஸ் பிணையில விடுறன். பாஸை ஒப்படைக்கோணும்.”

பஹ்மி சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்து மேசையில் வைத்தான். தான் தோற்றுவிட்டதாகப் பரீதாவுக்குப் பட்டது. பொறி சரியாகத்தான் விழுந்தது, ஆனாலும் அந்த மனிதர் அதிலிருந்து காலை உருவிக்கொண்டுவிட்டார். யோகலிங்கம் தாளை இழுத்து, ‘ரிலீஸ்ட் ஒன் பெயில்’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினார்.

அம்ரா எப்போது கதவடிக்கு வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவள் அழவில்லை. பாக்கியரத்தினத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

“சேர், எங்கட கலியாணக் காட்டில ஒரு பிழையும் நீங்க விடல்லயே. அவர்ட பேரைக்கூட மூணு தரம் எழுதிப் பார்த்துத்தானே தந்தீங்க. இதில மட்டும் ஏன் பிழையா எழுதினீங்க?”

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார். அங்கே பஹ்மியின் பாஸ் கிடந்தது. பக்கத்தில் யோகலிங்கத்தின் தாளில் மை இன்னும் காயாமல் அந்த வரி இருந்தது. அவருடைய கண் அதில் போய் நின்றது, திரும்பவே இல்லை.

“பெயில் எண்டு எழுதாதேங்கோ,” என்றார்.

“ஏன் சேர்?”

“பெயில் எண்டால் குற்றம் இன்னும் அவனில நிக்குது எண்டு அர்த்தம்.” அவர் எழுந்து, சிவப்புப் பேனையின் மூடியைத் திறந்து, மேசைக்கு மேலால் குனிந்து அந்தக் கடைசிச் சொற்களை வெட்டினார். “ரிலீஸ்ட் எண்டு மட்டும் விடுங்கோ. டப்பைப் பூட்டினது நான். மிதப்புக் கட்டினதும் நான். ராடருக்கு வேற ஒரு கப்பலில ஆள் பார்த்து வைச்சிருந்தனான்.”

யோகலிங்கம் எழுந்து போய், காத்திருந்த ஜீப் இனித் தேவையில்லை என்று சொன்னார். திரும்பி வந்து பாஸை எடுத்து பஹ்மியின் கையில் கொடுத்தார். பஹ்மி அதை வாங்கிக்கொண்டு பரீதாவைப் பார்த்தான்.

“ராத்தா, இது பிணையா, விடுதலையா?”

“விடுதலை.”

வாசலுக்கு வந்ததும் அம்ரா அவனுடைய கையைப் பிடித்தாள், ஓட்டோவில் ஏறிய பிறகும் விடவில்லை. இரவு ஒருக்கா அவனைச் சந்தேகப்பட்டதை அவள் சொல்லிவிட்டாள் போலும். அவன் ஏதோ சொல்லித் தேற்றிக்கொண்டிருந்தான். கஜீபன் ஓட்டோவை உதைக்காமல் நிலையத்தின் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே பாக்கியரத்தினம் தன் முறைப்பாட்டை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, பேனையோடு குனிந்திருந்தார்.

“மிஸ், அந்த மனுசன் கடைசியாத் திருத்தினது பழக்கத்திலயோ, வெட்கத்திலயோ?”

பரீதாவும் அந்த ஜன்னலைப் பார்த்தாள். “உள்ள போய் அவரிட்டயே கேளுங்க கஜீபன். இந்த ஊரில அதுக்கெல்லாம் வித்தியாசம் சொல்லுறவர் அவர்தானே.”

கஜீபன் போகவில்லை. வண்டியை எடுத்தான்.